வேலை போன மறுநாளிலிருந்து: ஆட்குறைப்புக் காலத்தில் வேலை தேடும் முறை

எச்.ஆர். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்ன அன்றே பார்க்க வேண்டியது உங்கள் மொபைல் எண்ணை. பி.எஃப். கணக்கு, சம்பளக் கணக்கு, ஆதார் இவற்றில் எதிலாவது கம்பெனி கொடுத்த சிம் எண் இருந்தால் உடனே சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். சிம்மைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. இல்லாமல் பி.எஃப். தளத்தில் ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனி மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்த கணக்குகளுக்கும் இதே கதைதான்.

அடுத்தது காகிதங்கள். லாகின் மூடப்படுவதற்குள் தரவிறக்கி வைக்க வேண்டியவை: நியமனக் கடிதம், ஒவ்வொரு சம்பள உயர்வுக் கடிதம், கடைசி ஆறு மாத பே ஸ்லிப், படிவம் 16, மதிப்பீட்டு அறிக்கை, இன்சூரன்ஸ் அட்டை. கம்பெனியின் மென்பொருள் கோடு, வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். அவற்றைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பியது தெரிந்தால், ஆட்குறைப்பு என்று முடிய வேண்டியது ஒழுங்கு நடவடிக்கையாக மாறிவிடும்.

ராஜினாமா எழுதித் தரச் சொன்னால்

பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்கள்: "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும்." அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டு நாளை சொல்கிறேன்" என்று ஒரு நாள் வாங்குங்கள். சட்டப்படி 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வந்து, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இந்த உரிமை போய்விடும். மேலாளர், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த வரையறைக்குள் வர மாட்டார்கள். அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் பேசி வாங்குவதுதான்.

எதைப் பேசி வாங்கலாம்? நோட்டீஸ் கால முழுச் சம்பளம், ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்காமல் இருப்பது, குடும்ப மருத்துவக் காப்பீட்டை இன்னும் சில மாதம் நீட்டிப்பது, ரிலீவிங் கடிதம் எந்தத் தேதிக்குள் வரும் என்பது. நான்கையும் வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். பேசி முடித்ததும், "இன்று பேசியபடி..." என்று தொடங்கி நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அவர்கள் பதில் எழுதாவிட்டாலும் அது ஓர் ஆவணம்.

கிராஜுவிட்டியில் (பணிக்கொடை) பலர் ஏமாறுகிறார்கள். ஐந்தாண்டு முடித்துவிட்டு ராஜினாமா செய்தாலும் அது உண்டு. ராஜினாமா செய்தால் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கு எளிது: கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் டி.ஏ.வையும் (அகவிலைப்படி) கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகச் சேரும். அடிப்படை 26,000, சர்வீஸ் 6 ஆண்டு 7 மாதம் என்றால் 15,000 பெருக்கல் 7, அதாவது 1,05,000 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்தவருக்கும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. நாலே முக்கால் ஆண்டில் நிற்பவர் கடைசி நாளைக் குறிக்கும் முன் இதை மனதில் வையுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்கக் கை துறுதுறுக்கும். தொடர் சேவை ஐந்தாண்டு ஆவதற்குள் எடுத்தால் பொதுவாக வரி உண்டு, 50,000-க்கு மேல் போனால் டி.டி.எஸ். (தரும்போதே வரி) பிடிப்பார்கள், ஓய்வூதியத்துக்கான பத்தாண்டுக் கணக்கும் கெடும். வேறு வழியே இல்லை என்றால் மட்டும் தொடுங்கள். ஆனால் வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று தளத்தில் கட்டாயம் பாருங்கள். கம்பெனி போடாவிட்டால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போடலாம். பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் பார்ப்பதே இந்தத் தேதிகளைத்தான். ரெஸ்யூமில் மார்ச் வரை என்றும் பி.எஃப்.பில் ஜனவரி வரை என்றும் இருந்தால், கையில் வந்த வேலையும் அங்கே நின்றுவிடும்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்களுக்கு இரண்டு செய்தி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், வேலை போனாலும் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை மருத்துவ வசதி தொடரும். இன்னொன்று, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. குறைந்தது இரண்டாண்டு காப்பீட்டில் இருந்து வேலை இழந்தவருக்குச் சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒருமுறை. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது. திட்டத்தை அவ்வப்போது நீட்டிப்பதால், விண்ணப்பிக்கும்போது அமலில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனி மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடியும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. அதை வெளியேறும் முன்பே கேட்டு வாங்குங்கள். வீட்டில் சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்கள் இருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்காமல் இருக்க இதுதான் வழி.

எத்தனை மாதம் தாங்கும்?

இந்த எண் தெரியாமல் தேடத் தொடங்குபவர் முதல் மாதம் எல்லாவற்றையும் வேண்டாம் என்பார், நான்காம் மாதம் எதற்கும் தலையாட்டுவார். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். கோவையில் வாடகை வீட்டில் நால்வர். வாடகை 12,000, மளிகை, காய்கறி, பால் 11,000, பைக் தவணை 3,500, கரன்ட், கேஸ், போன், பெட்ரோல் 5,500. மாதம் 32,000. சேமிப்பும் செட்டில்மென்ட்டும் சேர்த்து 2,60,000 என்றால் எட்டு மாதம் ஓடும் என்று தோன்றும். ஆனால் ஜூனில் பள்ளிக் கட்டணம் 45,000, நடுவில் இன்சூரன்ஸ் பிரீமியம் 18,000 இருக்கிறது. அதைக் கழித்தால் 1,97,000. ஆறு மாதம்தான்.

ஆறு மாதத்திலும் கடைசி இரண்டு மாதம் உங்களுடையதல்ல. முதல் சுற்று நேர்காணலிலிருந்து ஆஃபர் வர மூன்று நான்கு வாரம், சேர்ந்த பிறகு சம்பளம் வர ஒரு மாதம். ஆகத் தேடக் கிடைப்பது நான்கு மாதம். அதை இப்படிப் பிரிக்கலாம்: முதல் பத்து வாரம் பழைய சம்பளம், பழைய பதவி. அடுத்த நான்கு வாரம் 15 முதல் 20 சதவீதம் குறைவாகவோ வேறு ஊரிலோ. அதன் பிறகு வாடகையும் மளிகையும் ஓட்டக்கூடிய எந்த வேலையும். மூன்று தேதிகளையும் இன்றே காலண்டரில் குறித்து வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவிடுங்கள். தலை தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவு, பதற்றத்தில் எடுப்பதைவிட நல்லது. வீட்டில் சொல்லாமல் தினமும் ஷர்ட் மாட்டிக்கொண்டு பூங்காவில் போய் உட்காருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்ரோலும் ஓட்டல் சாப்பாடும்தான் வீண்.

தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே வங்கிக் கிளைக்குப் போய்க் கடன் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். செக் திரும்பிய பிறகு கேட்டால் பேச்சே வேறு. வங்கி, நிதி நிறுவன வேலைகளுக்கு சிபில் மதிப்பெண்ணையும் (கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்) பார்ப்பார்கள் என்பதால், இது தேடலையே பாதிக்கும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு போவதைவிடக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் எவ்வளவோ மேல். சம்பளம் வராத சம்பளக் கணக்கைச் சில வங்கிகள் சில மாதத்தில் சாதாரணக் கணக்காக மாற்றி, குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் அபராதம் பிடிக்கும். அதையும் கவனியுங்கள்.

ஆள் எடுப்பது எங்கே நின்றிருக்கிறது, எங்கே நிற்கவில்லை

மந்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடிக்காது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைப்பதாக அறிவித்தபோது அடி பெரிதும் நடுத்தர, மூத்த நிலைகளில் விழுந்தது. அடுத்த மாதமே அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் திருப்பூரில் அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்த யூனிட்கள் திணறின. அதே ஊரில் உள்நாட்டுச் சந்தைக்குத் தைப்பவர்களின் நிலைமை வேறு. ஆகவே உங்கள் தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அதே திறமை தேவைப்படும் ஆனால் வேறு வாடிக்கையாளரை நம்பியிருக்கும் கம்பெனிகளைத் தேடுங்கள். ஏற்றுமதி மெர்ச்சண்டைசருக்கு உள்நாட்டு பிராண்டுகள், சர்வீஸ் கம்பெனி டெஸ்டருக்கு சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள வெளிநாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்கள், வாகன உதிரிபாகத் தர ஆய்வாளருக்கு ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், ஓசூர் பக்கத்து மின்னணு ஆலைகள்.

புதுப் பதவிகள் உருவாகாத காலத்திலும் ஒருவர் விலகிய இடத்தை நிரப்பியாக வேண்டும். இந்த இடங்கள் விளம்பரத்துக்கு வருவதற்குள் உள்ளேயே தெரிந்தவரை வைத்து முடிந்துவிடும். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு பலர் விலகுவார்கள், ஏப்ரலில் புது நிதியாண்டு பட்ஜெட் திறக்கும். இந்த இரண்டு சமயமும் உள்ளே ஆள் தெரிந்திருப்பது முக்கியம்.

தெரிந்தவரிடம் கேட்பது

ஒரு நோட்டில் முப்பது கம்பெனி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே: அங்கே யாரைத் தெரியும், எந்தத் தேதியில் கேட்டோம், அடுத்து எப்போது கேட்பது. பழைய டீம் லீடர், வெண்டார் பக்கம் பேசிய ஆள், கல்லூரி சீனியர், அப்பார்ட்மென்டில் மேல் மாடிக்காரர் எல்லோரும் இதில் வருவார்கள். "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா" என்ற செய்திக்கு யாரும் பதில் போட முடியாது. எதைத் தேடுவது, யாரிடம் கேட்பது என்று அவருக்கே தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் செந்தில் அண்ணா. போன வாரம் எங்க யூனிட்ல ஆட்குறைப்பு, அதுல நானும் வந்துட்டேன். ஸ்டோர்ஸ் இன்சார்ஜ், ஆறு வருஷ அனுபவம், டேலியும் எஸ்.ஏ.பி.யும் தெரியும். உடனே சேர முடியும். உங்க கம்பெனி தளத்துல ஸ்டோர்ஸ் எக்ஸிகியூடிவ் வேகன்சி ஒண்ணு பார்த்தேன், லிங்க் கீழே இருக்கு. உள்ளே ரெஃபர் பண்ண முடியுமாண்ணா? ரெஸ்யூம் இணைச்சிருக்கேன். முடியலைன்னாலும் பரவாயில்லை, யார்கிட்ட பேசணும்னு மட்டும் சொல்லுங்க."

என்ன வேலை, எங்கே, அவர் செய்ய வேண்டியது என்ன என்று மூன்றும் இருக்கின்றன. 'முடியாது' என்று சொல்லவும் கதவு திறந்திருக்கிறது. கூச்சப்படத் தேவையில்லை: பல கம்பெனிகளில் ரெஃபர் செய்பவருக்குப் போனஸ் கிடைக்கும். ஐந்து வேலை நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அடுத்த வாரம் இன்னொரு முறை. அதற்கு மேல் வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே கம்பெனிக்கு நீங்களே தளத்தில் விண்ணப்பித்து, ஒரு கன்சல்டன்சியும் அனுப்பி, பிறகு நண்பரும் ரெஃபர் செய்தால் நண்பரின் ரெஃபரல் 'ஏற்கெனவே உள்ளது' என்று தள்ளப்படும். முதலில் யார் வழியாகப் போனதோ அவர் பெயரிலேயே ப்ரொஃபைல் பல மாதம் பூட்டிக்கிடக்கும். எனவே நோட்டில் 'யார் வழியாக' என்ற கட்டம் அவசியம். கன்சல்டன்சியிடமும், "என்னைக் கேட்காமல் எந்தக் கம்பெனிக்கும் அனுப்பாதீர்கள்" என்று எழுத்தில் சொல்லிவையுங்கள்.

ரெஸ்யூம்

இரண்டு பக்கம் போதும். அப்பா பெயர், மதம், பாஸ்போர்ட் எண், 'மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற வாக்கியம், பள்ளியில் வாங்கிய ஓட்டப்பந்தயப் பரிசு எல்லாவற்றையும் தூக்குங்கள். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் வடிவமைப்பு, கட்டங்கள், படமாகச் சேர்த்த எழுத்துகள் வேண்டாம். வடிகட்டும் மென்பொருள் அவற்றைத் தாறுமாறாகப் படிக்கும். சோதிக்க எளிய வழி: பி.டி.எஃப்.ஐத் திறந்து மொத்தத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிசை குழம்பியிருந்தால் மென்பொருளிலும் குழம்பும்.

உள்ளடக்கத்தில் 'ஸ்டோர்ஸ் வேலைகளைக் கவனித்தேன்' என்ற வரி யாருடைய ரெஸ்யூமிலும் இருக்கலாம். 'பம்ப் தொழிற்சாலையில் 1,400 உதிரிபாக வகை; மாத இருப்பு வித்தியாசத்தை 3 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தேன்; இரண்டு உதவியாளர்களுக்குப் பயிற்சி' என்பது ஒருவருடையது. உங்கள் வேலைக்கு எண்ணே கிடையாது என்று தோன்றினால் எத்தனை, எவ்வளவு நேரத்தில், எத்தனை பேருக்கு, எவ்வளவு பணம் என்று நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒன்றிலாவது எண் வரும். வராத எண்ணை உருவாக்காதீர்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நௌக்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுபவர்கள் 'கடந்த சில நாளில் இயங்கியவர்கள்', 'எத்தனை நாளில் சேர முடியும்' என்றெல்லாம் வடிகட்டுவார்கள். வாரம் இரண்டு முறை ப்ரொஃபைலில் ஒரு வரியாவது திருத்துங்கள். 'நோட்டீஸ் காலம்' என்ற கட்டத்தில் 'உடனே' என்று போடுங்கள். 60, 90 நாள் நோட்டீஸில் இருப்பவர்களுக்கு நடுவில், வேலை இழந்தவருக்கு இருக்கும் ஒரே அனுகூலம் இது. அதை மறைக்காமல் மேலேயே எழுதுங்கள். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளம் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் முகாம்கள் ஐ.டி.ஐ., டிப்ளமோ, விற்பனை, கணக்கு வேலைகளுக்கு உதவும். காலை பத்து மணிக்கே போங்கள், ஐந்து ரெஸ்யூம் நகலுடன். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்க வேண்டாம். அரசின் உதவித்தொகையை நம்பியும் இருக்க வேண்டாம்: பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்கே மாதம் 600 ரூபாய்தான்.

"ஏன் விலகினீர்கள்?"

இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். "எங்கள் ப்ராஜெக்டை வாடிக்கையாளர் நிறுத்தினார், டீமில் பாதிப்பேரை வேலையை விட்டு எடுத்தார்கள், அதில் நானும் ஒருவன். அதற்கு முன் வந்த மதிப்பீட்டுக் கடிதம் கையில் இருக்கிறது." பழைய மேனேஜரைத் திட்டாதீர்கள், 'சொந்தக் காரணம்' என்று மழுப்பாதீர்கள். ஆட்குறைப்பு இப்போது யாருக்கும் புதிதல்ல. மழுப்பல்தான் சந்தேகத்தைக் கிளப்பும். இடைவெளி மூன்று மாதம் தாண்டினால் அந்த நாளில் என்ன செய்தீர்கள் என்பதற்குக் காட்டக்கூடிய ஒன்று வேண்டும்: முடித்த ஒரு சான்றிதழ், பகுதிநேரமாகப் பார்த்த ஜி.எஸ்.டி. கணக்கு, எதுவானாலும்.

காசு கேட்டால் அது வேலையல்ல

பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டுச் சேரச் சொன்னாலும் அப்படியே. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால்தான் சரி. டெலிகிராமில் ஓட்டலுக்கு ரேட்டிங் போட்டால் காசு என்று வருவது முதல் நாள் 150, 200 ரூபாய் உண்மையாகவே தரும். நம்பிக்கை வந்ததும் 'முன்பணம் கட்டும் டாஸ்க்' என்று ஆரம்பித்து ஆயிரங்களில் இழுக்கும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பணத்தை அடுத்த கணக்குக்குத் தள்ளும்.

வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட்டின் உரிமத்தை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டூரிஸ்ட் விசாவில் வாருங்கள்' என்பதை நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மர், கம்போடியா மோசடி முகாம்களில் மாட்டி மீட்கப்பட்டிருக்கிறார்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. வந்திருக்கும் வாய்ப்பைப் பற்றி முதலில் அங்கே விசாரியுங்கள்.

ஆஃபர் வந்ததும்

சி.டி.சி.யை (கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) பன்னிரண்டால் வகுத்துக் குடும்பத்துக்குச் சொல்லிவிடாதீர்கள். 6,00,000 என்று வந்த கடிதத்தைப் பிரித்தால்: ஆண்டு இறுதியில் 'வரலாம்' என்ற ஊக்கத்தொகை 60,000, கம்பெனியின் பி.எஃப். பங்கு 21,600, கிராஜுவிட்டிக்கு 14,430. மிச்சத்தை மாதமாக்கினால் 42,000-க்குச் சற்றுக் குறைவு, உங்கள் பி.எஃப். பங்கு 1,800 போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 40,000, அதிலும் தொழில் வரி தனி. நீங்கள் மனதில் வைத்திருந்தது 50,000.

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டுதான் சேர வேண்டும் என்றால், பதிலுக்கு ஒன்றைக் கேளுங்கள்: ஆறு மாதத்தில் சம்பள மறுபரிசீலனை என்று கடிதத்திலேயே ஒரு வரி. "பார்த்துக்கலாம் சார்" என்று வாயால் சொன்னதை அடுத்த எச்.ஆர். ஏற்க மாட்டார். கையெழுத்திட்ட ஆஃபர் கடிதம் மின்னஞ்சலில் வரும்வரை மற்ற நேர்காணல்களை ரத்து செய்யாதீர்கள். மந்தக் காலத்தில் கடைசி நிமிடத்தில் 'அப்ரூவல் நிற்கிறது' என்பது சகஜம்.

சேரும் நாளில் பழைய யு.ஏ.என். எண்ணையே (பி.எஃப். உறுப்பினர் எண்) பி.எஃப். படிவம் 11-இல் கொடுங்கள். புதிதாக ஒன்று உருவாகிவிட்டால் பழைய சேவையைச் சேர்க்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். அந்த நிதியாண்டில் முந்தைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புதுக் கம்பெனியிடம் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் இருவரும் தனித்தனியே கழிவு கொடுத்து வரியைக் குறைவாகப் பிடிப்பார்கள். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமும் வட்டியோடு உங்கள் தலையில் வரும்.